30 வருஷம் தாங்குகிற ஹார்ட் டிஸ்க் எது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் உங்கள் அப்பா தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து வீடியோ ஸ்டுடியோ நடத்தியிருக்கிறார். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் திருவிழா, வில்லுப்பாட்டு என்று எடுத்தது எல்லாம் வீட்டில் கிடக்கிறது: சுமார் 150 மினி டிவி (MiniDV என்ற சின்ன வீடியோ) கேசட், கொஞ்சம் விஹெச்எஸ், ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிவிடி, நான்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், கடைசி சில வருஷத்து 4கே ஃபுட்டேஜ். கடையை மூடுகிற நேரத்தில், "நல்ல கம்பெனி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் அதில் போட்டு பீரோவில் பூட்டினால் 30 வருஷம் இருக்குமா?" என்று கேட்கிறீர்கள். கம்பெனி பெயரைக் கேட்டிருந்தாலும், 2055-இல் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் அதைத் திறந்தால் படம் ஓட வேண்டும், அதில் இருப்பவர்கள் யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படித் தாங்கும் ஹார்ட் டிஸ்க் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. ஆனால் உங்கள் ஃபுட்டேஜ் 30 வருஷம் இருக்க வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. நாஞ்சில் நாட்டில் விதைநெல்லைப் பத்தாயத்தில் போட்டு 30 வருஷம் பூட்டி வைத்தவர் யாரும் இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு சாகுபடியிலும் பூவுக்குப் பூ விதைத்து, அறுத்து, அடுத்ததற்கு எடுத்து வைத்துத்தான் அந்த நெல் தலைமுறை தாண்டி வந்தது. டிஜிட்டல் ஃபுட்டேஜும் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு மாறிக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கும்.

என்னைப் பற்றி ஒரு வரி. மார்த்தாண்டத்தில் விஹெச்எஸ் காலத்திலிருந்து எடிட்டிங் வேலை. சில வருஷங்களாகப் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பதுதான் முக்கியத் தொழில். பழுதான டிஸ்க்கைப் பிரித்து உள்ளிருந்து டேட்டா எடுக்கும் வேலை எனக்குத் தெரியாது, அதற்கு என்று லேப் இருக்கிறது. இதை இங்கே சொல்லக் காரணம், உங்கள் நான்கு டிஸ்க்கில் ஒன்று "டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, ஆனாலும் சில நேரம் திறக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை இனி ஒருமுறைகூட கம்ப்யூட்டரில் சொருகாதீர்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் ரீட் ஹெட் பழுதாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு இருக்கிறது, கீறிய இடத்தில் இருந்ததை லேப்பாலும் எடுக்க முடியாது. அதில் மட்டும் இருக்கிற, வேறு எங்கும் இல்லாத ஃபுட்டேஜ் என்ன என்று அப்பாவிடம் கேளுங்கள். லேப் செலவு செய்யலாமா வேண்டாமா என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.

சரி, மற்றவற்றுக்கு வருவோம். எதை முதலில் காப்பாற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கேசட். டேப் கெட்டுப்போகிறது என்பது பாதிக் காரணம்தான். டேப்பை ஓட்டும் மெஷின் உலகத்திலிருந்தே மறைந்துகொண்டிருக்கிறது. கடைசிவரை விசிஆர் (விஹெச்எஸ் கேசட்டை ஓட்டும் மெஷின்) தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. யுனெஸ்கோவும் உலக ஒலி-ஒளி ஆவணக் காப்பக அமைப்பும் சேர்ந்து 2019-இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், 2025-க்குள் மாற்றாத டேப்புகள் ஏறக்குறையப் போனதுதான் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னது. அந்த வருஷத்தை அப்படியே நம்பிப் பதற வேண்டாம், நல்ல நிலையில் இருக்கும் டேப் இன்றும் ஓடுகிறது. ஆனால் ஹெட், பெல்ட், ரோலர் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது என்பதைத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்க்கிறோம்.

மினி டிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். இது பலருக்குத் தெரிவதில்லை. கேமராவின் மஞ்சள் பிளக்கை ஒரு யூஎஸ்பி கேப்சர் டப்பாவில் சொருகி எம்பி4 ஆக எடுத்துவிட்டு "மாற்றிவிட்டேன்" என்கிறார்கள். அப்படிச் செய்தால் டிஜிட்டலை அனலாக் ஆக்கி, மறுபடி டிஜிட்டல் ஆக்கி, அமுக்கவும் செய்திருக்கிறீர்கள். ஃபயர்வயர் (அந்தக் கேமராக்களில் இருக்கும் டிஜிட்டல் இணைப்பு) கேபிளில் எடுத்தால் டேப்பில் உள்ளது அப்படியே நகலாகிறது, மாற்றம் எதுவும் இல்லை. அதோடு இன்னொரு லாபம் உண்டு. கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தால், எடுத்த நாளும் நேரமும் ஒவ்வொரு ஃபிரேமோடும் டேப்பில் பதிவாகி இருக்கும். ஃபயர்வயரில் அது கூடவே வரும், மஞ்சள் பிளக்கில் தொலைந்துவிடும். கொடை எந்த வருஷத்தது என்று அப்பாவுக்கே நினைவில்லாதபோது அந்தத் தேதி உதவும்.

இதற்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஃபயர்வயர் கார்டு வேண்டும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாக ஒரு கேபிள் விற்கிறார்கள். அது வேலை செய்யாது. இரண்டும் பேசும் முறையே வேறு, வெறும் கம்பியால் இணைக்க முடியாது. கார்டு பக்கத்து 6 பின் சொருகலில் மின்சாரமும் வரும் என்பதால், கேமராவையும் கம்ப்யூட்டரையும் அணைத்து வைத்து கேபிளைச் சொருகி, அப்புறம் ஆன் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சொருகி கேமராவின் போர்ட் எரிந்துபோன கதைகள் நிறைய. போர்ட் போனால் கேமராவும் போன மாதிரிதான், இன்று இன்னொன்று செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும்.

ஒரு மணி நேர மினி டிவி, ஃபயர்வயரில் எடுத்தால் சுமார் 13 ஜிபி. உங்கள் 150 கேசட்டும் சேர்ந்து 2 டிபிக்குள் அடங்கிவிடும். இன்றைய டிஸ்க் அளவுக்கு இது ஒன்றுமே இல்லை. அதனால் இடம் மிச்சப்படுத்த எம்பி4 ஆக மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. படத்தில் அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிகிறது என்று டீஇன்டர்லேஸ் (அந்தக் கோடுகளை நீக்குவது) செய்து மூலத்தை அழித்துவிடவும் வேண்டாம். கோடு தெரிவது பழுது கிடையாது, அந்தக் காலத்துப் படம் அப்படித்தான் பதிவாகும். பார்க்கிறதற்குத் தனியாக ஒரு எம்பி4 செய்துகொள்ளுங்கள், மூலம் மூலமாகவே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. கல்யாண வீட்டில் கேசட் மிச்சம் பிடிக்க எல்பி மோடில், அதாவது டேப்பை மெதுவாக ஓட்டி, 60 நிமிஷக் கேசட்டில் 90 நிமிஷம் எடுக்கிற பழக்கம் நம்மூரில் உண்டு. எல்பியில் எடுத்தது வேறு கேமராவில் போட்டால் கட்டம் கட்டமாகச் சிதறும். எடுத்த கேமராவிலேயே ஓட்டிப் பாருங்கள். அப்பாவின் பழைய கேமராவை யாருக்காவது கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கி வையுங்கள். ஒவ்வொரு கேசட்டையும் எடுக்குமுன் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன்பின் எடுங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தால் அதைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள். ஒரு பூசணக் கேசட் ஹெட்டை அழுக்காக்கினால் அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும். நம் மாவட்டத்தில் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் நடக்கும் மாதங்களில் பழைய டேப்பைத் திறக்கவே எனக்கு மனசு வராது.

விஹெச்எஸ் வேறு கதை. அது முழுக்க அனலாக், அதனால் கேப்சர் செய்தே ஆக வேண்டும், எந்த மெஷினில் ஓட்டுகிறோம் என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கும். உலகக் காப்பகங்கள் இதற்கு எஃப்எஃப்வி1 என்கிற இழப்பில்லாத கோடெக்கை (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) எம்கேவி ஃபைலில் வைத்துப் பயன்படுத்துகின்றன. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது, 2021-இல் அதன் முழு விவரம் பொது ஆவணமாகவும் வெளிவந்துவிட்டது, எனவே நாளை யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கும் மென்பொருள் எழுதலாம். மணிக்கு 30 ஜிபி அளவில் வரும். உங்களிடம் விஹெச்எஸ் கொஞ்சம்தான் என்பதால் நல்ல விசிஆர் உள்ள யாரிடமாவது கொடுத்து, எம்பி4 வேண்டாம், இழப்பில்லாத ஃபைல் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

டிவிடிகளை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். அதே நிகழ்ச்சியின் கேசட் இருந்தால் டிவிடி தேவையே இல்லை, ஏனென்றால் அது கேசட்டிலிருந்து அமுக்கி எடுத்த நகல். கேசட்டை அழித்து மறுபடி பயன்படுத்திய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் டிவிடிதான் மூலம். நாம் கம்ப்யூட்டரில் ரைட் செய்த டிவிடியில் டேட்டா ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. சாயம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கும், எவ்வளவு நாளில் என்பது அந்த டிஸ்க்கின் தரத்தைப் பொறுத்தது. மலிவுக்கு வாங்கிய கட்டு டிவிடிகள் ஐந்தாறு வருஷத்தில் போனதும் உண்டு, 15 வருஷம் தாண்டியும் நன்றாக ஓடுகிறதும் உண்டு. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும், அதனால் ஒன்றில் வரவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். ஃபைல்களைத் தனித்தனியாக இழுக்காமல் முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது அப்படியே ஒரே ஃபைலாக எடுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் அந்தக் கல்யாண வீட்டாரிடம் இருக்கும் நகலைக் கேட்டுப் பாருங்கள். பலர் பீரோவுக்குள் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள்.

இப்போது ஹார்ட் டிஸ்க். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் எந்த மாடல் எவ்வளவு பழுதாகிறது என்ற கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. மொத்தத்தில் வருஷத்துக்கு நூறில் ஒன்று, ஒன்றரை என்ற அளவில் போகிறது. ஆனால் அது ஏசி அறையில் இரவு பகல் நிற்காமல் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு. கருங்கலில் பீரோவுக்குள் அணைந்து கிடக்கும் டிஸ்க்குக்கு அது பொருந்தாது. அணைத்து வைத்த டிஸ்க் எத்தனை வருஷம் தாங்கும் என்பதற்கு நம்பத்தக்க கணக்கு யாரிடமும் இல்லை, எண் சொல்பவர் யாராக இருந்தாலும் அனுமானத்தில்தான் சொல்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, ஐந்தாறு வருஷத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றுவது என்பது தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். அதை நானும் கடைப்பிடிக்கிறேன்.

எந்தக் கம்பெனி என்பதைவிட, எல்லா நகலும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாடலாக இல்லாமல் பார்ப்பது முக்கியம். ஒரே தயாரிப்பில் குறை இருந்தால் எல்லாமே அடுத்தடுத்துப் போகும். கையடக்கமான 2.5 இன்ச் பாஸ்போர்ட் டிஸ்க்குகளைக் காப்பகத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பலவற்றில் யூஎஸ்பி சொருகல் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சொருகல் ஆடிப்போனால் டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக இணைக்க வழியில்லை. டெஸ்க்டாப்பில் போடும் 3.5 இன்ச் டிஸ்க்கும், அதைச் சொருகிப் படிக்க ஒரு டாக்கும் வாங்குங்கள். உங்கள் மொத்தம் 5, 6 டிபிதான் வரும் என்று தோன்றுகிறது, 8 டிபி டிஸ்க் மூன்று போதும்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) நல்லதா என்று சிலர் கேட்பார்கள். வேலை செய்ய நல்லது, பூட்டி வைக்க மோசம். அதில் டேட்டா மின்னூட்டமாக இருக்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், சூடு கூடினால் கசிவு கூடும். மெமரி சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரவிதி, வீட்டு எஸ்எஸ்டி ஒன்று தன் எழுதும் ஆயுளை முடித்த நிலையில், 30 டிகிரியில், மின்சாரமின்றி 1 வருஷம் டேட்டாவைக் காத்தால் போதும் என்கிறது. புதிய எஸ்எஸ்டி அதைவிட நன்றாகத் தாங்கும், உண்மைதான். ஆனாலும் 30 வருஷக் கனவுக்கு அது சரிவராது. பென் டிரைவும் மெமரி கார்டும் அதே குடும்பம், தரத்தில் இன்னும் கீழே.

காப்பகங்களும் பெரிய நிறுவனங்களும் நம்புவது எல்டிஓ என்ற டேப். எல்டிஓ-8-இல் ஒரு டேப்புக்கு 12 டிபி, எல்டிஓ-9-இல் 18 டிபி. சரியான குளிரிலும் வறட்சியிலும் வைத்தால் 30 வருஷம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. டேப்பின் விலை பரவாயில்லை, அதைப் படிக்கும் டிரைவ்தான் லட்சங்களில் போகும். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 வரைதான் படிக்கும், அதற்கு முந்தையதைப் படிக்காது. எனவே டேப் 30 வருஷம் இருந்தாலும் டிரைவைத் தேடி அலைய வேண்டிவரும். 6 டிபிக்காக ஒரு குடும்பம் இதில் இறங்குவது வீண். நம் மாவட்டத்து ஸ்டுடியோக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு டிரைவ் வாங்கினால் அது வேறு விஷயம், சங்கக் கூட்டத்தில் யாராவது எடுத்துப் பேசலாம். எம்-டிஸ்க் என்று 100 ஜிபி வரை கொள்ளும் புளூ-ரே தட்டும் கிடைக்கிறது. ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் சொல்கிறது, காத்திருந்து பார்த்தவர் யாருமில்லை. சாதாரண டிவிடியைப் போலச் சாயத்தை நம்பாததால் அதைவிட நன்றாகத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மிக முக்கியமான பத்துப் பதினைந்து நிகழ்ச்சிகளுக்குக் கூடுதல் நகலாகப் போட்டு வைக்கலாம்.

யூடியூபில் பிரைவேட்டாகப் போட்டுவிட்டால் போதுமே என்கிறார்கள். யூடியூப் நீங்கள் கொடுத்ததைத் திரும்பவும் அமுக்கித்தான் வைக்கும், மூலம் அப்படியே உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு ஓடினால் உரிமைத் தகராறு வேறு. கிளவுட் சேவைகளில் ஃபைல் அப்படியே இருக்கும், ஆனால் விதி அவர்கள் கையில். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-இல் வரம்பற்ற இலவசத்தை நிறுத்தியது. 2 வருஷம் தொடாத கூகுள் கணக்கை அழிக்கலாம் என்ற விதியும் 2023 முதல் இருக்கிறது. கணக்கு வைத்திருந்தவர் இறந்து, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாத வீடுகளை யோசித்துப் பாருங்கள். அப்புறம் நேரக் கணக்கு: நொடிக்கு 40 மெகாபிட் ஏறும் லைனில் 5 டிபி ஏற்ற இரவு பகலாகக் கிட்டத்தட்ட 12 நாள். முடியாதது இல்லை, ஆனால் மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் போய்ப்போய் வரும் ஊரில் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த 1 டிபியைக் கூடுதல் நகலாக கிளவுடில் போடுவது நல்ல யோசனை. கிளவுட் மட்டும் போதும் என்று மற்றதை அழிப்பது கெட்ட யோசனை.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பியது. அதில் நம் மாவட்டத்துக்கு முக்கியம் கடைசிப் பகுதி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், மணக்குடி பக்கம் வீட்டோடு சேர்ந்து கல்யாண ஆல்பமும் கேசட்டும் போயின. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ரப்பரும் தென்னையும் கம்பங்கள் மேல் விழுந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு நகல், புயலுக்கு ஒரே நகல்தான். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது கடலிலிருந்து தள்ளி, குலசேகரம் பக்கமோ நாகர்கோவிலிலோ இருக்கும் உறவினர் வீட்டில். மூன்றாவது சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் யாரிடமாவது. வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இல்லாத குடும்பம் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? ஊருக்கு வரும்போது டிஸ்க்கைக் கையோடு கொண்டுவந்து புதியதைச் சேர்த்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வைக்கும் இடத்தைப் பற்றி. மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ கூடவே கூடாது, இடவப்பாதி மழை அடித்து அந்தச் சுவர்தான் முதலில் குளிரும். ரப்பர் வளையம் வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் போட்டு வையுங்கள். 35-லிருந்து 45 சதவீதம் வரை இருந்தால் நிம்மதி. நீல நிற ஜெல் ரோஸ் ஆனால் வெளியே எடுத்துச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். கடலோரக் காற்றில் உப்பும் சேர்ந்திருப்பதால் சொருகல் முனைகளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். டப்பா அதையும் தடுக்கும். நகலெடுக்கும் வேலை நடக்கும்போது யூபிஎஸ் இருக்கட்டும், கோடை இடி இடிக்கும் சாயங்காலங்களில் வயரையே பிடுங்கிவிடுங்கள். ஒரு நகலாவது எப்போதும் எதிலும் சொருகாமல் இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு பெட்டியைச் சிலர் பேக்கப் என்று நினைக்கிறார்கள். கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும், வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டும்.

நகல் சரியாக வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் செக்சம். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வரும் ஒரு நீளமான எண் அது, ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். டெராகாப்பி போன்ற மென்பொருள் நகலெடுத்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும், எண்களை ஒரு ஃபைலாகவும் சேமித்துத் தரும். அந்த ஃபைலை ஒவ்வொரு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும்போது எந்த டிஸ்க்கில் எந்த ஃபைல் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும், மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சரிசெய்யலாம். எம்டி5 பழசு, உடைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுபவரிடம் அது தோற்கும், தானாகக் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்க தாராளமாகப் போதும்.

ஃபைல் வகைகளில், பெரும்பாலான எம்பி4-களில் இருக்கும் ஹெச்.264 கோடெக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம், உலகம் முழுக்கப் பரவியது, திறக்க ஆள் இருக்கும். ஏவிசிஹெச்டி வகைக் கேமராக்களின் மெமரி கார்டுகளில், படம் இருக்கும் எம்டிஎஸ் ஃபைலை மட்டும் எடுக்காமல் முழு ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே நகலெடுங்கள். நீண்ட ஷாட் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், எது எதோடு சேரும் என்ற தகவல் மற்ற ஃபைல்களில்தான் இருக்கிறது. எனக்குப் பயம் தருவது எடியஸ் எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்த கல்யாண ஃபைல்கள். கேனோபஸ் ஹெச்க்யூ ஏவிஐ ஆக ரெண்டர் செய்து வைத்திருப்பீர்கள், அது திறக்க அந்தக் கோடெக் வேண்டும். எடியஸ் ஓடும் கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே அவற்றைப் பொதுவான ஒரு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ப்ராஜெக்ட் ஃபைல் 10 வருஷம் கழித்துத் திறக்கும் என்று நம்பாதீர்கள், முடித்த படத்தை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள்.

இதையெல்லாம்விட அதிகமாக ஃபுட்டேஜைக் கொல்வது பெயரில்லாமை. "கொடை 2", "நியூ ஃபோல்டர் 14", "செல்வி கல்யாணம் ஃபைனல் ஃபைனல்". 30 வருஷம் கழித்து டிஸ்க் நன்றாக ஓடி, படமும் ஓடி, யார் என்றே தெரியாவிட்டால் என்ன பயன்? ஃபோல்டர் பெயரை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள், தானாகவே காலவரிசையில் நிற்கும். உள்ளே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்: எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வீடு, வில்லுப்பாட்டு என்றால் பாடிய புலவர், குடம் அடித்தவர், எந்தக் கதை. அதைத் தமிழ் யூனிகோடில் அடியுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்தது அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், ஸ்டுடியோ டிஸ்க்குகளில் இதை நிறையப் பார்க்கிறேன். இந்தத் தகவல் எல்லாம் இப்போது உங்கள் அப்பா தலையில்தான் இருக்கிறது. எடுத்த படத்தை அவர் முன்னால் ஓட்டி, போனில் அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். "இது சுசீந்திரம் தேரோட்டம், இந்த ஆள் இன்னார் மகன்" என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அந்த ஆடியோவையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். கேசட் மாற்றுவதும் இதுவும் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஒரு மணி நேரக் கேசட் ஓட ஒரு மணி நேரம் ஆகத்தானே செய்யும்.

எல்லாவற்றையும் வைக்க வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். ட்ரோன் பறந்த 4கே ரஷ்ஷும் (எடிட் செய்யாத ஃபுட்டேஜ்), ஒரே ரிசப்ஷனை நான்கு கேமராவில் எடுத்ததும்தான் இடத்தை அடைக்கும். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. முடித்த படத்தையும் முக்கியமான மூலங்களையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விடலாம். ஆனால் தோல்பாவைக் கூத்து, வில்லுப்பாட்டு, சிவாலய ஓட்டம், இடித்துக் கட்டுவதற்கு முந்தைய கோயிலும் சர்ச்சும் இருக்கும் கேசட்டுகளில் ஒரு நிமிஷத்தைக்கூட வெட்ட வேண்டாம், ஆடி நடுங்கி எடுத்திருந்தாலும் சரி. அவை வேறு யாரிடமும் இல்லாமல் இருக்கலாம். கல்யாண வீடியோக்களை அந்தந்தக் குடும்பத்துக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். அவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம், அதில் பிரிந்துபோன தம்பதிகளும் இறந்துபோனவர்களும் இருப்பார்கள்.

ஃபயர்வயர் கார்டு வாங்குமுன் அப்பாவின் கேமரா மாடல் என்ன, டெஸ்க்டாப்பா லேப்டாப்பா, விண்டோஸா மேக்கா என்று இங்கேயே எழுதுங்கள். கேமரா பக்கம் பெரும்பாலும் 4 பின், கார்டு பக்கம் 6 பின் இருக்கும், பார்த்துவிட்டு எந்த கேபிள் என்று சொல்கிறேன்.